வெள்ளைக்காரத் தேனீக்கு மட்டும் கொம்பா முளைத்திருக்கிறது?

1

இலங்கை மலைநாட்டிலிருந்து எங்கள் டிக்கோயாத் தேனீக்கள் ஜெர்மனிக்கு வந்துவிட்டன. ஊரில் இருப்பவர்களுக்கு இதில் என்ன பெரிய விசேஷம் என்று தோன்றலாம். எனக்கோ அந்தச் செய்தி கேட்டதிலிருந்து தரையில் கால் பாவவில்லை.

நான் இந்த நாட்டுக்கு வந்து இருபத்து மூன்று வருடம். அதில் கடைசிப் பதினொரு வருடமும் ஒரு தேனீ ஆய்வுக்கூடத்தின் நிலத்தடி அறையில், நுண்ணோக்கிக்கு முன்னால் கழிந்திருக்கிறது. தேனீயின் தலையிலுள்ள இரண்டு உணர்கொம்புகளை எடுத்து, கண்ணாடித் தகட்டில் படுக்க வைத்து, அவற்றின் மேலுள்ள மிகச் சிறிய உறுப்புகளை எண்ணுவது என் வேலை. தேனீ மோந்து பார்ப்பதும், தொட்டுப் பார்ப்பதும், காற்றில் ஈரம் இருக்கிறதா என்று அறிவதும் அந்தக் கொம்புகளால்தான். முட்டை வடிவில் தட்டுத் தட்டாக இருப்பவை வாசம் பிடிக்கும். பக்கத்திலேயே மயிர் மாதிரி, முளை மாதிரி, குழி மாதிரி என்று வேறு பல வகை உண்டு. கொம்பு ஒரு கண்ணிமை முடியளவுகூட இருக்காது. அதற்குள் இத்தனை சாமான்.

எங்கள் பேராசிரியை தேனீ இனங்களை ஒப்பிட்டு ஒரு பெரிய பட்டியல் போடுகிறார். ஆல்ப்ஸ் மலைப் பக்கத்துச் சாம்பல் தேனீ, இத்தாலியின் மஞ்சள் தேனீ, வடக்கே குளிரில் வாழும் கறுப்புத் தேனீ. மூன்றும் ஒரே குலத்தின் வெவ்வேறு இனங்கள். எந்த இனத்துக்கு எந்த உறுப்பு எத்தனை, எங்கே கூடுகிறது, எங்கே குறைகிறது என்பதுதான் பட்டியல். அந்த மூன்று வரிசையும் நிரம்பிவிட்டன. அடியில் இரண்டு வரிசை காலியாக இருந்தன. ஒன்று நம் மலைநாட்டுச் சின்னத் தேனீக்கு. மற்றது, கூட வைத்துப் பார்ப்பதற்காக, மரக்கிளையில் ஒற்றை அடை கட்டித் தொங்கும் ஆசியாவின் பெரிய தேனீக்கு. இரண்டுக்கும் எதிரே பேராசிரியை தன் கையாலேயே டிக்கோயாவுக்குப் பக்கத்து நகரமான "ஹட்டன்" பெயரை எழுதியிருந்தார். அந்தத் தாளைப் படம் பிடித்து எத்தனை பேருக்கு அனுப்பினேன் என்று கேட்காதீர்கள்.

அனுமதிகளுக்கே ஒன்றரை வருடம் போனது. ஊரில் ஒரு பல்கலைக்கழகம் பொறுப்பெடுத்தது. என் தம்பி செல்வம் தேனீக்களைச் சேகரித்துச் சாராயத்தில் போட்டுக் கொடுத்தான். பொதி விமான நிலையத்துக்கு வந்து சேர்ந்தது. வெள்ளிக்கிழமை மாலையோடு பட்டியலை மூடுவதாகப் பேராசிரியை சொல்லியிருந்தார். நேரம் தாராளமாக இருக்கிறது என்றுதான் நினைத்தேன்.

திங்கள் காலை பரிசோதனை அலுவலகத்திலிருந்து மின்னஞ்சல் வந்தது. அனுமதி தேனீக்கு மட்டும். வந்திருப்பது ஒரு குப்பி தேனீ, ஒரு குப்பி குளவி. அனுமதியில்லாத உயிரினம் கலந்திருப்பதால் பொதி முழுவதும் நிறுத்தி வைக்கப்படுகிறது. வெள்ளி நண்பகலுக்குள் விளக்கம் வராவிட்டால் இரண்டு குப்பிகளும் எரிக்கப்படும்.

2

கோபம் முதலில் தம்பி மேல்தான் வந்தது. தேனீயைக் கேட்டால் குளவியைப் பிடித்து அனுப்பியிருக்கிறானே.

இந்த வேலைக்கு நான் வந்த கதையையும் இங்கே சொல்லிவிடுகிறேன். ஹட்டனில் பள்ளியின் கடைசி வகுப்பான உயர்தரத்தில் விலங்கியல் படித்தேன். கல்யாணமாகி இங்கே வந்து அதே கட்டடத்தில் துப்புரவு வேலை பார்த்தேன். ஒரு நாள் துடைத்துக்கொண்டிருந்த மேசையில் கிடந்த படத்தைப் பார்த்து, இது ஆண் தேனீ, கொம்பில் ஒரு கணு கூடுதலாக இருக்கிறது என்று சொல்லிவிட்டேன். பேராசிரியை தன் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். மறுவாரம் நேர்முகம் வைத்தார்கள்.

அந்த நேர்முகத்தில்தான் பெயர் வாங்கினேன். நாம் உணர்கொம்பு என்கிறோம். இவர்கள் மொழியில் அதன் பெயருக்கு உணர்வது என்று மட்டுமே பொருள், கொம்பு கிடையாது. நானோ தமிழில் யோசித்து, தேனீயின் கொம்புகளை எண்ண எனக்கு ஆசை என்று, மாட்டுக் கொம்புக்குரிய சொல்லைப் போட்டு அடித்துவிட்டேன். மூன்று பேரும் சிரித்து முடிக்க வெகுநேரம் ஆனது. அடுத்த வருடம் வரையில் என் மேசையில் யாராவது ஒரு பசுப் பொம்மையை வைத்துவிட்டுப் போவார்கள்.

இதை அம்மாவுக்குச் சொன்னபோது அவருக்கு அதில் சிரிப்பு வரவில்லை. என் வேலையைக் கேட்டுத்தான் வந்தது. வெள்ளைக்காரத் தேனீக்கு மட்டும் கொம்பா முளைச்சிருக்கு, அத உக்காந்து எண்ணுறதுக்கு ஒரு சம்பளமா என்றார். ஒவ்வொரு ஞாயிறும் வீடியோவில் வந்தால் அதே கேள்விதான். நம்ம ஊரு தேனீய எண்ணுனியா புள்ள என்பார். இல்லை என்பேன். அப்ப என்னத்த எண்ணுன என்பார். அந்தக் காலி வரிசைகள் மேல் எனக்கு இருந்த வெறிக்குப் பாதிக் காரணம் அம்மாவின் இந்தக் குத்தல்தான்.

3

தம்பிக்கு அழைப்பு எடுத்தேன். செல்வம் தேயிலைத் தோட்டத்தில் தோட்டத் தலைவர். அதாவது தொழிற்சங்கத்தின் சார்பில் தொழிலாளருக்காகத் தோட்டத்தை நிர்வகிக்கும் தொரையோடு பேசுகிறவன். தொலைபேசியிலும் கூட்டத்தில் பேசுவது போலத்தான் பேசுவான்.

ஏன்டா குளவியை அனுப்பினாய் என்று கேட்டேன். நீதானே கேட்டாய் என்றான். மரத்தில் தொங்குகிற பெரிய கூடு, ஒரே அடை, ஆளுயரத்துக்கு இருக்கும், கிட்டப் போனால் கூட்டமாக எழும்பும் என்றெல்லாம் விளக்கமாக எழுதியிருந்தாயே, அது குளவிதானே என்றான். நாலாம் நம்பர் மலை டர்பன்டைன் மரத்தில் இப்போதும் தொங்குகிறது, அடியில் செத்து விழுந்ததைத் தினமும் விடியற்காலையில் பொறுக்கினேன், எத்தனை பேர் என்னைத் திட்டினார்கள் தெரியுமா என்றான்.

"அக்கா, அம்மாவக் கொட்டுனதே இதுதான். ஒனக்கு மறந்துபோச்சா?"

நான் மின்னஞ்சலில் வந்திருந்த புகைப்படத்தைத் திறந்து பெரிதாக்கினேன். கண்ணாடிக் குப்பியில் தம்பியின் கையெழுத்தில் "குளவி". அதற்குப் பின்னால் நீளமான, பழுப்பு மஞ்சள் உடம்பு. உடம்பெல்லாம் ரோமம். பின்காலில் மகரந்தம் சுமக்கும் அகன்ற கூடை. குளவிக்கு ஏது கூடை? புத்தகத்தில் லத்தீன் பெயரோடு நூறு தடவை பார்த்திருந்த ஆசியப் பெரிய தேனீ அது.

நம் ஆட்களுக்குத் தேனீ என்றால் மரப்பொந்தில் இருந்துகொண்டு தேன் கொடுக்கிற சின்னது. கூட்டமாக வந்து கொட்டுகிறது எதுவானாலும் குளவி. பத்திரிகையிலும் அப்படித்தான் போடுவார்கள், காலையில் பெரட்டில் கூட்டி வேலைக்கு ஆள் பிரிக்கும்போதும் அப்படித்தான் எச்சரிப்பார்கள். பதினொரு வருடமாகத் தேனீக்களுக்கு நடுவில் இருந்த நானும், அம்மாவைக் கொட்டியது குளவி, நான் எண்ணுவது தேனீ என்று இரண்டையும் தலைக்குள் தனித்தனி அறையில் பூட்டி வைத்திருந்திருக்கிறேன். வெட்கமாக இருந்தது. அதைவிடப் பெரிதாகச் சந்தோஷமும் இருந்தது. தம்பி சரியான பூச்சியைத்தான் அனுப்பியிருக்கிறான்.

4

அம்மாவைக் கொட்டிய அன்று நான் பள்ளிக்கூடத்தில் இருந்தேன். நடந்ததெல்லாம் பிறகு கேட்டதுதான்.

நாலாம் நம்பர் மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தார்கள். மேலே யாரோ குளவி என்று கத்தினார்கள். பெண்கள் கூடையைப் போட்டுவிட்டு ஓடினார்கள். அம்மாவின் கால் வழுக்கி, தண்ணீர் போவதற்கு வெட்டியிருந்த கானுக்குள் விழுந்துவிட்டார். எழுந்து ஓடாமல், இடுப்பில் கட்டியிருந்த சாக்குப் படங்கை அவிழ்த்துத் தலையோடு போர்த்திக்கொண்டு குப்புறப் படுத்தார். அதுதான் உயிரைக் காப்பாற்றியது. ஆனாலும் முதுகிலும் காலிலும் கொட்டித் தள்ளிவிட்டன. லொறியில் டிக்கோயா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். நான் போனபோது முகம் அடையாளம் தெரியவில்லை. நான் அழுதேன். அம்மா வீங்கிய உதட்டோடு முதலில் சொன்னது இதுதான்:

"கானுக்குள்ள ஒரே வாழப்பழ வாசம் புள்ள. எங்கேருந்து வந்துச்சின்னே தெரியல."

அந்த மலையில் வாழை கிடையாது. அன்று யாரும் பழம் கொண்டுபோகவும் இல்லை. காய்ச்சலில் உளறுகிறார் என்றார்கள். பிழைத்து வந்த பிறகும் அவர் அதையே சொன்னார். தொழிலாளர் வீடுகள் வரிசையாக ஒட்டியிருக்கும் எங்கள் லயம் முழுக்க அது ஒரு வேடிக்கையாகப் போய்விட்டது. குளவி கொட்டும்போது பழம் தின்ற பொம்பளை என்று பெயர் வைத்தார்கள். அப்பாகூட, வாழைச்சீப்பு வாங்கி வந்தால் அம்மாவிடம் மோந்து பார்க்கச் சொல்லிவிட்டுச் சிரிப்பார். நானும் சிரித்திருக்கிறேன். கொஞ்ச வருடத்தில் அம்மா அதைச் சொல்வதையே விட்டுவிட்டார்.

5

செவ்வாய்க்கிழமை பரிசோதனை அலுவலகத்துக்கு நானே தொலைபேசி எடுத்தேன். பேராசிரியை எழுதிக் கொடுக்கத் தயார். ஆனால் பொருளைப் பெறுகிறவரே அதற்குச் சான்றும் கொடுக்க முடியாதாம்.

அந்த அதிகாரி மரியாதையான பெண். குப்பியைத் திறந்து பூச்சியைச் சோதிக்க அவருக்கு அதிகாரம் இல்லை, தாளைத்தான் பார்க்க முடியும். தாளில் ஆங்கில எழுத்தில் "குளவி" என்று இருக்கிறது. அகராதியில் அதற்கு ஒரே பொருள்தான். நான் விளக்க ஆரம்பித்தேன். படபடப்பில் இருபத்து மூன்று வருட ஜெர்மன் காற்றில் பறந்துவிட்டது. கொம்பைப் பாருங்கள், கொம்பைப் பார்த்தாலே தெரியும் என்று பழைய மாட்டுக் கொம்பையே மறுபடி தூக்கிப் போட்டேன். மறுமுனையில் விசைப்பலகை தட்டும் சத்தம் கேட்டது. சற்று நேரத்தில் புதிய மின்னஞ்சல் வந்தது. "விண்ணப்பதாரரின் விளக்கத்தின்படி, குப்பியில் மலைக்குளவியும் இருக்கலாம்."

மலைக்குளவிக்கு இவர்கள் வைத்திருக்கும் பெயர், மாட்டுக் கொம்புக்கு இவர்கள் சொல்லும் அதே சத்தத்தில்தான் தொடங்கும். ஒரு குளவியைத் தீர்க்கப் போய் இரண்டு குளவியாக்கிவிட்டேன்.

என் மகள் நிலா பக்கத்தில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பதினேழு வயது. தமிழ் புரியும், பேசினால் சில்லறை மாதிரி எண்ணி எண்ணித்தான் வரும். டிக்கோயாவை "உங்க ஊர்" என்பாள். அது எனக்கு ஒவ்வொரு தடவையும் சுருக்கென்று தைக்கும்.

"அம்மா, நீங்க மாட்டு சொல்லு சொல்லிட்டீங்க" என்றாள். பிறகு தொலைபேசியை வாங்கி, அதிகாரியிடம் அமைதியாகப் பேசினாள். என்ன வேண்டும் என்று கேட்டாள். சேகரித்தவரின் கையெழுத்தோடு ஒரு கடிதம் வேண்டும். அதில் அது தேனீ என்று தெளிவாக இருக்க வேண்டும். உள்ளூர் ஆதாரம் ஏதாவது இருந்தால் அதையும் சேர்க்கலாம்.

அவ்வளவுதானா என்று எனக்கு மூச்சு வந்தது. ஒரு வரிக் கடிதம். தம்பி பத்து நிமிடத்தில் எழுதிவிடுவான்.

6

தம்பி எழுத மாட்டேன் என்றான்.

புதன்கிழமை, அங்கே மத்தியானம். வீடியோவில் அவனும் அம்மாவும் இருந்தார்கள். நான் கெஞ்சினேன், அதட்டினேன், அறிவியல் சொன்னேன். பின்கால் கூடையைப் படம் வரைந்துகூடக் காட்டினேன். அவன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு தலையை ஆட்டினான். பிறகு சொன்னான்:

"அக்கா, குளவின்னு ஒருத்தங்க கத்துனாத்தான் இங்க மலைய விட்டு எறங்க முடியுது. தேனீன்னு நான் கையெழுத்து வச்சுக் குடுத்தா, நாளைக்குத் தொரமாரு அதையே என் மொகத்துல நீட்டுவாங்க. தேனீக்கா பயந்து வேலைய விட்டுட்டு வந்தீங்கன்னு கேப்பாங்க. நான் என்ன பதில் சொல்றது?"

எனக்கு அது ஒரு பட்டியலின் வரிசை. அவனுக்கு அது நூற்றுக்கணக்கான பெண்கள் கூடையைப் போட்டுவிட்டு ஓடுவதற்கான உரிமை. அவன் சொல்வதும் நியாயம்தான். ஆனால் எழுதாவிட்டால்? வெள்ளி நண்பகலில் இரண்டு குப்பிகளும் எரிந்துவிடும். இன்னொரு ஒன்றரை வருடத்துக்கு யாரும் அனுமதி வாங்கப் போவதில்லை. பட்டியல் ஹட்டன் இல்லாமலே அச்சாகும்.

அம்மா எழுந்து உள்ளே போனார். டிரங்குப் பெட்டி திறக்கும் சத்தம் கேட்டது. மடித்து மடித்து நைந்துபோன ஒரு அட்டையோடு வந்தார். ஆஸ்பத்திரியிலிருந்து துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பியபோது கொடுத்த அட்டை. இத்தனை வருடமாக அதை வைத்திருந்திருக்கிறார்.

"இதுல டாக்டரய்யா இங்கிலீசுல என்னமோ எழுதியிருக்காரு. வாசி தம்பி."

செல்வம் வெளிச்சத்தில் பிடித்து, எழுத்துக்கூட்டி வாசித்தான். பல தேனீக் கொட்டுகள் என்று இருந்தது. அந்தச் சிங்கள டாக்டர் அம்மாவிடம் பம்பரு, பம்பரு என்றும் சொன்னாராம். சிங்களத்தில் இந்தப் பெரிய தேனீக்கும் குளவிக்கும் வேறு வேறு பெயர். நமக்குத்தான் இரண்டும் ஒன்று.

செல்வம் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அம்மா பேனாவை எடுத்து அவன் கையில் வைத்தார்.

"ரெண்டையும் எழுது. நாங்க குளவின்னு கூப்புடுற பெரிய தேனீ. கொட்டுனா ஆளு சாகும். அப்புடியே எழுது. இதுல எது பொய்யி?"

செல்வம் ஒரு தாளை எடுத்து விரித்தான். பிறகு எழுதி, தலைவர் முத்திரையையும் குத்தினான். கடிதமும் அட்டையும் படமாக வந்து சேர்ந்தன. அவற்றை நிலா ஜெர்மனில் பெயர்த்தாள். நான் ஒவ்வொரு சொல்லாகச் சொல்ல, அவள் தட்டச்சு செய்தாள். மூன்றாவது வரியில் கையை எடுத்துவிட்டாள்.

"அம்மாயி செத்திருப்பாங்களா?" என்று கேட்டாள்.

ஆமாம் என்றேன். இதை ஏன் எனக்குச் சொல்லவே இல்லை என்று கேட்டாள். நம் மலைகளின் அழகான படங்களை மட்டும் காட்டி வளர்த்த பிள்ளை அவள். அந்த வரியை அவள் மறுபடியும் திருத்தினாள். கொட்டினால் ஆள் சாகும் என்பதற்குச் சாதாரணச் சொல் போதாது என்று இன்னும் அழுத்தமான ஒன்றைத் தேடிப் போட்டாள்.

7

வியாழக்கிழமை பத்து மணிக்குப் பொதியை விடுவித்தார்கள். மின்னஞ்சலில் அதிகாரி ஒரு வரி கூடுதலாக எழுதியிருந்தார். உங்கள் தாயார் நலமாக இருக்கிறார் என்று நம்புகிறேன் என்று. அந்த ஒரு வரிக்காக அவரை எல்லாவற்றுக்குமாக மன்னித்தேன்.

ரயிலில் போய் நானே வாங்கி வந்தேன். மடியில் வைத்துக்கொண்டு வந்தபோது எதிரே இருந்தவர் எதைப் பார்த்துச் சிரிக்கிறீர்கள் என்று கேட்டார். எங்கள் ஊர்த் தேனீ என்றேன். அவர் இருக்கை மாறி உட்கார்ந்தார்.

அன்றே சின்னத் தேனீயில் ஐந்து, பெரிய தேனீயில் ஐந்து என்று எடுத்துக் கொம்புகளைக் காரக் கரைசலில் போட்டேன். மறுநாள் காலையில் நிறம் போய், கண்ணாடி மாதிரி தெளிந்திருந்தன. தகட்டில் பரப்பி நுண்ணோக்கியில் வைத்தேன். முதலில் மங்கலாக இருந்தது, பிறகு கூர்மையானது. நாலாம் நம்பர் மலையில் பறந்த கொம்பு! கணுக்கணுவாகப் பத்துத் துண்டு. முதல் இரண்டில் தட்டுகள் இல்லை, மூன்றாவதிலிருந்து ஆரம்பித்து நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. ஆல்ப்ஸ் தேனீக்கும் இத்தாலித் தேனீக்கும் இருக்கிற அதே முட்டை வடிவத் தட்டுகள். எண்ணிக்கையில் வித்தியாசம் இருக்கிறது. அதைப் பட்டியல் வெளியாவதற்கு முன் சொல்லக்கூடாது என்பது பேராசிரியையின் கட்டளை, ஆகவே உங்களுக்கும் சொல்ல மாட்டேன். இரண்டு தடவை எண்ணினேன். எண்ணும்போது கண் நிறைந்ததால் மூன்றாவது தடவையும் எண்ண வேண்டியதாயிற்று.

மத்தியானம் இரண்டு மணிக்கு இரண்டு வரிசையும் நிரம்பின. பெரிய தேனீக்கு உள்ளூர்ப் பெயர் என்ன போடட்டும் என்று பேராசிரியை கேட்டார். ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னேன். கு, ள, வி.

அப்போதுதான் வாழைப்பழ வாசம் அடித்தது.

அடுத்த அறையில் உயிருள்ள தேனீக்களின் கொம்புகளுக்கு வாசங்களைக் காட்டிச் சோதிப்பார்கள். அங்கிருந்து வாரத்தில் ஒரு தடவையாவது இந்த வாசம் வரும். யாரோ மதியச் சாப்பாட்டுக்குப் பழம் கொண்டுவருகிறார்கள் என்றுதான் இத்தனை வருடமும் நினைத்திருந்தேன். அன்று எழுந்து போய்க் கேட்டேன். அங்கிருந்த பெண் ஒரு சின்னப் புட்டியைக் காட்டினாள். அபாய வாசமாம். ஒரு தேனீ கொட்டியதும் அந்த இடத்திலிருந்து இது கிளம்பும், மற்றவை கொம்பால் அதை மோந்துகொண்டு அதே இடத்துக்குக் கூட்டமாக வரும். மனிதர் மூக்குக்கு வாழைப்பழம் மாதிரி இருக்கும் என்றாள். ஆசியப் பெரிய தேனீக்கும் இதுதானா என்று கேட்டேன். அதற்கும்தான் என்றாள்.

நான் வெளியே ஓடிவந்து, படிக்கட்டில் உட்கார்ந்து அம்மாவுக்கு அழைப்பு எடுத்தேன். ஊரில் பொழுது சாய்ந்திருந்தது. அம்மா விளக்குக்கு முன்னால் நின்றார். வரிசை நிரம்பிவிட்டது என்றேன். தலையாட்டினார். பிறகு புட்டியில் இருந்ததைச் சொன்னேன். வாசத்தைச் சொன்னேன். கானுக்குள் நீங்கள் மோந்தது உண்மை, நாங்கள் எல்லோரும்தான் முட்டாள்கள், நானும் சிரித்தேன், என்னை மன்னித்துவிடுங்கள் என்றேன்.

அம்மா பின்னால் திரும்பி, தம்பியைக் கூப்பிட்டு இங்கே வந்து கேள் என்றார். அவன் வந்து நின்றதும் தலைமுடியை ஒதுக்கிக்கொண்டு, நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"அப்ப எனக்குந்தான் கொம்பு மொளைச்சிருந்திருக்கு. இத மொதல்ல லயத்துல போயி சொல்லு தம்பி."